டெக்லனின் காதில் விழுந்த ஓம்

பாலேந்திராவின் வாயில் வரவே வராத சொல் ஒன்று இருந்ததென்றால் அது 'ஏலாது'. இல்ஃபோர்டில் யார் வீடு மாறினாலும், யாருடைய மாமியாரை ஹீத்ரோவில் போய் ஏற்றிவர வேண்டியிருந்தாலும், முதலில் தொலைபேசி அலறுவது அவர் வீட்டில்தான். எதிர்முனையில் இருப்பவர் கேட்டு முடிப்பதற்குள் "ஓம், ஓம்" என்று சொல்லிவிடுவார். அப்புறம் மனைவி சிவகௌரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார். "உங்களுக்கு வாயில ஒரு பூட்டுப் போட்டால் என்ன?" என்று அவள் கேட்பாள். அதற்கும் அவர் "ஓம்" என்பார்.

இந்த ஓம் சாதாரணமான சொல் இல்லை. யாழ்ப்பாணத்தவர்கள் சம்மதத்துக்கு மட்டும் அதைச் சொல்வதில்லை. நீ பேசுவது கேட்கிறது என்பதற்கும் ஓம், எனக்கு முன்னமே தெரியும் என்பதற்கும் ஓம், ஆளை விடப்பா என்பதற்கும் ஓம்தான். பாலேந்திரா 1984இல் லண்டனுக்கு வந்திறங்கி, குரோய்டனில் அகதி விசாரணைக்குப் போனபோது, மொழிபெயர்ப்பாளராக வந்திருந்த நரசிம்மன் என்ற சென்னைக்காரர் முதல் ஐந்து நிமிடம் தடுமாறிப் போனார். ஒவ்வொரு கேள்விக்கும் இந்த மனிதர் ஏன் பிரணவ மந்திரம் சொல்கிறார் என்று அவருக்கு விளங்கவில்லை. "சார், சாமி கும்புடறதெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம், ஆமாவா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க" என்றாராம். பாலேந்திரா இதைப் போகிற விருந்துகளிலெல்லாம் சொல்லிச் சிரிக்க வைப்பார். இப்போது சொல்வதில்லை.

ஊரில் பள்ளிக்கூடக் கிரிக்கெட் அணிக்குத் தொடக்க ஆட்டக்காரராக இருந்தவர் அவர். லண்டனில் பார்க்கிங் என்ற பகுதியில் ஒரு வெயர்ஹவுஸில் வேலை கிடைத்தது. பெட்டிகளை எடுத்து அடுக்குகிற வேலை. அங்கே 1989இல் ஃபோர்க்லிப்ட் ஓட்ட வந்து சேர்ந்த பையன்தான் டெக்லன். அயர்லாந்தின் வடக்கே, ஸ்ட்ராபேன் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவன். இருபது வயது இருக்கும். செம்பட்டை முடி, முகமெல்லாம் புள்ளி. அவன் பேசும் ஆங்கிலம் அங்கே வேலை செய்த ஆங்கிலேயர்களுக்கே பாதி விளங்காது. பாலேந்திராவுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அவருடைய ஆங்கிலமும் அவர்களுக்குப் பாதிதான் விளங்கும்.

ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் டெக்லன் நெஞ்சுயர அட்டைப் பெட்டி ஒன்றை ஸ்டம்ப் ஆக்கி, துடைப்பக் கட்டையால் டென்னிஸ் பந்தை அடித்துக்கொண்டிருந்தான். பாலேந்திரா சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்ப் பந்து வீசினார். இரண்டாவது பந்திலேயே தெரிந்துவிட்டது, இது சும்மா ஆள் இல்லை. பந்து கையை விட்டுப் புறப்படும்போதே அவன் கால் அதற்குரிய இடத்தில் நின்றது. "எங்கேயடா படிச்சாய் இதை?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் திருப்பிக் கேட்டார்.

எங்கள் ஊரில் கிரிக்கெட்டா என்று பலர் ஆச்சரியப்படுவார்கள் என்றான் டெக்லன். அவன் மாமன்மார் இது இங்கிலீஷ்காரன் விளையாட்டு என்று காறித் துப்புவார்களாம். மட்டையும் காலுறையும் உள்ள பையைத் தூக்கிக்கொண்டு விளையாடப் போகிற வழியில் பிரிட்டிஷ் ராணுவம் மறித்துப் பையைக் கொட்டச் சொல்லுமாம். பாலேந்திரா அதைக் கேட்டு எழும்பி நின்றுவிட்டார். அவருடைய பையையும் ஒரு ராணுவம் கொட்டச் சொல்லியிருக்கிறது. ஒருவனுக்கு ஊர் ஸ்ட்ராபேன், மற்றவருக்கு ஊர் யாழ்ப்பாணம், ஆனால் தெருவில் கொட்டுப்பட்ட காலுறைகளை மண்ணைத் தட்டிப் பொறுக்கிய கதை இருவரிடமும் இருந்தது. அன்றிலிருந்து அவர்கள் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். சிவகௌரி இரண்டு பெட்டி கட்டத் தொடங்கினாள்.

அடுத்த வருஷம் டெக்லனை அயர்லாந்து அணிக்கு எடுத்தார்கள். ஸ்கொட்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் முதல் தடவையே அறுபதுக்கு மேல் அடித்தான். அந்தக் காலத்தில் அயர்லாந்துக்கு விளையாடுவது உத்தியோகம் இல்லை. வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போய் நாட்டுக்காக விளையாடி, திங்கட்கிழமை திரும்பி வந்து ஃபோர்க்லிப்ட்டில் ஏற வேண்டும். சனிக்கிழமைகளில் எசெக்ஸில் ஒரு பெரிய கிளப்புக்கு ஆடினான். தேர்வாளர்கள் அவனைக் கவனிக்கிறார்கள், சீக்கிரமே அயர்லாந்தையும் உலகக் கோப்பைத் தகுதிப் போட்டிகளில் சேர்த்துவிடுவார்கள், அப்போது இவன்தான் மூன்றாவதாக இறங்குவான் என்று எல்லோரும் பேசினார்கள். டெக்லனுக்கு வாழ்க்கையில் வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. உலகக் கோப்பையில் ஒரே ஒரு நாள் அயர்லாந்துக்காக நடந்து போய் மட்டையை ஊன்ற வேண்டும், அவ்வளவுதான்.

லண்டனில் எங்கள் ஆட்கள் எதைக் கொண்டுவந்தார்களோ இல்லையோ, பள்ளிக்கூடங்களை விடாமல் கொண்டுவந்துவிட்டார்கள். ஊரிலுள்ள ஒவ்வொரு கல்லூரிக்கும் இங்கே ஒரு பழைய மாணவர் சங்கம், சங்கத்துக்கு ஒரு தலைவர், தலைவருக்கு ஒரு எதிரி. கோடையில் இவர்களெல்லாம் கூடி ஒரு கிரிக்கெட் போட்டி வைப்பார்கள். பழைய மாணவர்கள் மட்டுந்தான் ஆடலாம். ஆள் தட்டுப்பாட்டால் பிறகு ஒரு சலுகை செய்தார்கள், ஒவ்வொரு அணியும் வெளியாள் ஒருவரைச் சேர்க்கலாம். எல்லோரும் மச்சானையோ மருமகனையோ சேர்த்தார்கள். 1991இல் பாலேந்திரா டெக்லனைக் கூட்டிக்கொண்டு போனார்.

போட்டியை நடத்திய அம்பலவாணன் ஒரு கணக்காளர், எதிலும் சட்டம் பார்க்கிறவர். கண்ணாடியை இறக்கி டெக்லனை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி எந்த வருஷம் எங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்தில சோதினை எடுத்தவர்?" என்று கேட்டார்.

பாலேந்திராவின் அணியில் குகதாசன் என்றொரு இளைஞன் இருந்தான். ஆட்டம் பெரிதாக வராது, ஆனால் வாய்க்குக் குறைவில்லை. "அண்ணை, வெளியாள் ஒருத்தரைச் சேர்க்கலாம் எண்டு நீங்கள்தானே சட்டம் போட்டனீங்கள்? என்ன நிறத்தில எண்டு அதில இல்லையே" என்றான். மைதானமே சிரித்தது. அம்பலவாணனும் சிரித்துவிட்டார். அன்று டெக்லன் அடித்த அடியில் இரண்டு பந்துகள் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் விழுந்தன.

ஓட்டம் எடுக்கிறபோது கூப்பிடுவதற்கு டெக்லனுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தார்கள். வேறு வழியில்லை, பதற்றத்தில் எங்கள் ஆட்களுக்கு வாயில் ஆங்கிலம் வராது. ஓம் என்றால் ஓடு. நில் என்றால் பொறு. ஏலாது என்றால் திரும்பிப் போ. மூன்று சொல்லையும் அவன் ஒரு பின்னேரத்தில் பிடித்துக்கொண்டான். "ஓம்" என்று அவன் மூக்கால் கத்துவதைக் கேட்கவே சிறுவர்கள் எல்லைக்கோட்டில் வந்து நிற்பார்கள்.

1992 ஆடி மாதத்தில் பாலேந்திராவின் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. சங்கத்தில் இருந்து மாறி மாறி தொலைபேசி. டெக்லன் வருவான்தானே? ஓம். கட்டாயம் வருவான்தானே? ஓம், ஓம். டெக்லனிடம் ஒரு வார்த்தை கேட்காமலே எல்லோருக்கும் சொல்லிவிட்டார். ஆனால் அடுத்த வாரம் அயர்லாந்துக்கு இங்கிலாந்தின் கவுண்டி அணி ஒன்றோடு பெரிய ஆட்டம் இருந்தது. அதுவரை எங்கேயும் விளையாடக் கூடாது என்று டெக்லனின் கிளப் அவனுக்குச் சொல்லியிருந்தது. பாலேந்திரா தலையைச் சொறிந்துகொண்டு போய் நின்றார். "நீ கேட்டால் நான் எப்படி மறுப்பேன் பாலா?" என்றான் டெக்லன். மறுக்கத் தெரியாத வியாதி இவனுக்கும் தொற்றிவிட்டது என்று சிவகௌரி சொன்னாள்.

ஆட்டம் கையில் இருந்தது. டெக்லன் ஒரு முனையில் பந்தை எதிர்கொண்டு நின்றான், பாலேந்திரா மறுமுனையில். இன்னும் கொஞ்ச ஓட்டந்தான் வேண்டும். மதியச் சாப்பாட்டுப் பார்சல்கள் பாலேந்திராவின் வானில், அதாவது வேனில், கிடந்தன. குகதாசனுக்குப் பசி. பாலேந்திரா நின்ற முனைக்குப் பின்னால் எல்லைக்கோட்டில் வந்து நின்று, பந்து வீசுகிறவன் ஓடி வருவதைக்கூடப் பார்க்காமல் கத்தினான்.

"அண்ணை! வான் திறப்பு உங்கட பையுக்கையோ கிடக்கு?"

திறப்பு என்றால் சாவி, அது அவர் பைக்குள்ளா இருக்கிறது என்று கேட்கிறான். பாலேந்திரா தலையை மட்டும் பின்பக்கம் திருப்பி, வாய்ப் பழக்கத்தில், "ஓம், ஓம்!" என்றார்.

அதே கணத்தில் டெக்லன் பந்தைத் தன் காலோரமாகப் பின்பக்கம் தட்டிவிட்டிருந்தான். பந்து அடித்தவனின் முதுகுப் பக்கம் போனால் ஓடுவதா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் எதிர்முனையில் நிற்பவர். டெக்லன் காதைக் கொடுத்தான். ஓம், ஓம் என்று கேட்டது. ஓடினான். பாலேந்திரா முகத்தைத் திருப்பியபோது அவன் பாதி வழி வந்துவிட்டான், பந்து களத்தடுப்பாளன் கையில். "ஏலாது! ஏலாது!" என்று அலறினார். டெக்லன் ஓடிய வேகத்திலேயே திரும்பினான். காலணி ஆணி புல்லில் மாட்டிக்கொண்டது, கால் நின்றுவிட்டது, உடம்பு திரும்பிவிட்டது. முழங்காலில் இருந்து வந்த சத்தம் எல்லைக்கோட்டில் நின்றவர்களுக்கே கேட்டதாகச் சொல்வார்கள்.

மருத்துவமனையில் முழங்காலுக்குள் சவ்வு கிழிந்துவிட்டது என்றார்கள். அறுவைச் சிகிச்சை செய்தால் சரியாகும், அடுத்த கோடைக்கு ஆடலாம். அந்த மட்டில் பரவாயில்லை. பாலேந்திரா கட்டிலருகே நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது டெக்லனின் கிளப் செயலாளர் உள்ளே வந்தார். நீலக் கோட்டு, டை, சிவந்த முகம். எந்தக் கண்டறியாத ஆட்டத்துக்காக இந்தப் பையனின் காலை உடைத்தீர்கள் என்று யாரையும் பார்க்காமல் கேட்டார்.

டெக்லன் தலையணையில் இருந்து தலையைத் தூக்கினான். "பாலா, நீ ஓம் என்று சொன்னாய்தானே? எனக்குக் கேட்டது."

கோட்டுக்காரர் பாலேந்திராவைத் திரும்பிப் பார்த்தார்.

மேசைக்கு அந்தப் பக்கம் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரன் ஒருவன் பதிலுக்குக் காத்திருந்தால் பாலேந்திரா பயந்துபோவார். குரோய்டனில் பிடித்த பயம் அது. ஒரு பதில் பிசகினால் எல்லாம் போய்விடும் என்று பயந்து பயந்து இருந்து பழகிய மனிதர். திறப்பைப் பற்றிச் சொல்லலாம், குகதாசனைப் பற்றிச் சொல்லலாம், எல்லாம் நெஞ்சுக்குள் வந்து நின்றது. வாயில் வந்தது வேறு.

"இல்லை," என்றார் ஆங்கிலத்தில். "நான் ஒன்றும் சொல்லவில்லை."

பிறந்ததிலிருந்து யாருக்கும் இல்லை என்று சொல்லாத மனிதர், சொன்ன முதல் இல்லையை இப்படியா சொல்ல வேண்டும்?

"அப்படியென்றால் உனக்குத்தான் இல்லாதது கேட்டிருக்கிறது" என்றார் செயலாளர். டெக்லன் கையை நீட்டி பாலேந்திராவின் மணிக்கட்டைப் பிடித்தான். "மன்னித்துக்கொள் பாலா. வீணாக ஓடி உன் ஆட்டத்தையும் கெடுத்துவிட்டேன்."

நாளைக்குச் சொல்லலாம் என்று பாலேந்திரா வீட்டுக்கு வந்தார். அந்த நாளை வரவில்லை. கால் சுகமாகட்டும், பிறகு சொல்லலாம் என்றானது. கால் சுகமாகிற காலத்தில் இதைக் கிளறுவானேன் என்றானது. இலையுதிர் காலத்தில் குகதாசன் கனடாவுக்குப் புறப்பட்டான், அவனை ஹீத்ரோவில் கொண்டுபோய் விட்டதும் பாலேந்திராதான். "அண்ணை, டெக்லனுக்கு நான் சுகம் கேட்டதெண்டு சொல்லுங்கோ" என்றான். ஓம் என்றார். அவன் உள்ளே போய் மறைந்ததும் மனதில் ஒரு பாரம் இறங்கியது. அப்படி இறங்கியதை நினைத்து வெட்கப்பட்டார், ஆனால் இறங்கியது உண்மை.

1993 கோடையில் டெக்லன் திரும்ப ஆட வந்தான். முழங்கால் நன்றாகவே இருந்தது. அந்த வருஷம் அயர்லாந்து சர்வதேச கிரிக்கெட் சபையில் சேர்ந்தது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் கென்யாவில் உலகக் கோப்பைக்கான தகுதிப் போட்டி, அயர்லாந்து முதல் தடவையாகப் போகப்போகிறது. டெக்லன் கனவு கண்டதெல்லாம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. பாலேந்திரா ஒரு சனிக்கிழமை வானை எடுத்துக்கொண்டு எசெக்ஸுக்குப் போய் மரத்தடியில் நின்று அவன் ஆட்டத்தைப் பார்த்தார்.

பந்தை அடிப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டம் எடுக்கிறபோதுதான் என்னவோ நடந்தது. கூட ஆடியவன் தெளிவாகக் கூப்பிட்டான், மரத்தடியில் நின்ற பாலேந்திராவுக்கே கேட்டது. டெக்லன் ஓரடி வைத்தான், நின்றான், மற்றவன் முகத்தைப் பார்த்தான், பிறகு ஓடினான். அதற்குள் காலம் கடந்துவிட்டது. ஆட்டமிழந்தது மற்றவன். அவன் மட்டையால் தரையை அடித்து, டெக்லனைப் பார்த்து என்னவோ கத்திவிட்டுப் போனான். இந்தக் கோடையில் இது முதல் தடவை இல்லை என்று பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் தன் நாயிடம் சொன்னார்.

ஆட்டம் முடிந்ததும் டெக்லன் புல்லில் வந்து உட்கார்ந்தான். "கூப்பிடுவது கேட்கிறது பாலா. ஆனால் நிஜமாகவே கேட்டதா, எனக்குள்ளேயே கேட்டதா என்று ஒரு கணம் யோசனை வந்துவிடுகிறது. அந்த ஒரு கணம் போதும். காது வைத்தியரிடம் போனேன். காதில் ஒரு குறையும் இல்லையாம். அப்படியென்றால் குறை தலைக்குள் இருக்கிறது." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அப்போதுதான் பாலேந்திராவுக்கு முழுதாக விளங்கியது. உடைந்தது முழங்கால் இல்லை. முழங்காலை டாக்டர் தைத்துவிட்டார். உடைந்த மற்றதைத் தைக்கக்கூடிய ஒரே ஆள் இந்த உலகத்தில் பாலேந்திராதான், அதற்கு வேண்டியது ஒரு வசனந்தான். உனக்குக் கேட்டது சரி, நான் சொன்னேன். இவ்வளவுதான். அவர் வாயைத் திறந்தார். "சாப்பிட்டாயா?" என்று கேட்டார்.

அந்த வருஷம் கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மத்தியானம் போல, டெக்லன் சொல்லாமல் கொள்ளாமல் இல்ஃபோர்ட் வீட்டுக்கு வந்தான். ஜன்னலால் அவன் தெருவில் வருவதைக் கண்டதுமே பாலேந்திராவுக்கு அவன் எதற்கு வருகிறான் என்று தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. குற்றம் செய்தவனுக்குத் தெரியும்.

கதவைத் திறந்ததும் பேசத் தொடங்கினார். வா வா, கோட்டைத் தா. இடியப்பமும் சொதியும் இருக்கிறது, உனக்குப் பிடிக்குமே. மகள் ஆரணி வயலின் பழகுகிறாள், கேட்கிறாயா? கேட்காதே, காது போய்விடும். வானுக்குச் சோதனை முடிந்தது, பிரேக் மாற்றச் சொல்கிறான். கவுன்சில்காரன் குப்பைத் தொட்டியை மாற்றிவிட்டான். வெயர்ஹவுஸில் புது மனேஜர் வந்திருக்கிறான், சரியான கிறுக்கன். ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் இடையில் ஈ நுழைய இடம் விடவில்லை. டெக்லன் இரண்டு தடவை "பாலா" என்று தொடங்கினான். இரண்டு தடவையும் அவர் அவன் தட்டில் இடியப்பம் வைத்தார். சாப்பிட்டு முடிந்து கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு எழும்பிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, சிவகௌரிக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

"உந்தப் பொடியனைக் கதைக்க விட்டீங்களோ?" என்றாள் சிவகௌரி. "என்னவோ கேக்க வந்த மாதிரிக் கிடந்துது."

"சும்மா வந்தவன்" என்றார் பாலேந்திரா.

சில நாளில் கென்யாவுக்குப் போகிறவர்களின் பெயர்கள் வெளிவந்தன. டெக்லனின் பெயர் இல்லை. எடுக்காமல் விட்டுவிட்டார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஓட்டத்தில் ஆளை ஆட்டமிழக்க வைக்கிறவனை எவன் எடுப்பான்? அடுத்த கோடையில் அவன் கிளப்புக்கும் போகவில்லை. இருபத்தைந்து வயதில் மட்டையைக் கட்டி வைத்தான். நோரா என்ற நர்ஸைக் கட்டினான், லூட்டனில் வீடு வாங்கினான், பார்சல் வான் ஓட்டினான்.

பாலேந்திரா என்ன செய்தார் என்றால், உதவி செய்தார். லூட்டனுக்கு வீட்டுச் சாமான் ஏற்றியவர் அவர். சுவருக்கெல்லாம் வர்ணம் அடித்தவர் அவர். குழந்தை பிறந்தபோது பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்குத் தண்ணீர் என்ற கஷாயத்தைச் சிவகௌரியின் கையால் காய்ச்சி, போத்தலில் ஊற்றி நோராவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவரும் அவர்தான். அவள் அதை எப்படிக் குடித்தாளோ தெரியாது. இப்படியொரு சிநேகிதன் எனக்கு என் ஊரில்கூட இல்லை என்று டெக்லன் எல்லோரிடமும் சொல்வான். ஒவ்வொரு தடவையும் பாலேந்திரா எழும்பிப் போய்ச் செய்வதற்கு ஏதாவது வேலை தேடுவார்.

1998இல் ஆரணிக்குச் சாமத்திய வீடு. பெண் பெரியவளானதை மண்டபம் எடுத்துக் கொண்டாடுவது எங்கள் வழக்கம். லண்டனில் அது ஊரைவிடப் பெரிதாகிவிட்டது. பிள்ளைக்குக் கல்யாணப் புடவை, தலை நிறையப் பூ, பல்லக்கு, வீடியோ. டெக்லனும் நோராவும் குழந்தையோடு முன்வரிசை மேசையில். குகதாசன் ரொறன்ரோவில் இருந்து வந்திருந்தான். கொஞ்சம் பருத்து, வாய் மட்டும் அப்படியே. டெக்லனைக் கண்டதும் பாய்ந்து கட்டிப்பிடித்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். பாலேந்திரா பலகாரத் தட்டோடு அந்த மேசைக்கு வந்தபோது அவன் ஆங்கிலத்தில், இரண்டு கையையும் வீசி, மேசை முழுக்கச் சிரிக்கக் கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

"எனக்குப் பசி. வான் சாவி எங்கே என்று இவரைத்தான் கேட்டேன். உங்கள் பையிலா என்று கேட்டேன். இவர் என்னைப் பார்த்து ஓம், ஓம் என்றார். நீ உன்னைத்தான் என்று நினைத்து மாடு மாதிரி ஓடி வந்தாயே! என் வயிற்றால் உன் கால் போனது, இன்றைக்கு வரைக்கும் எனக்கு அந்தக் கவலை."

எல்லோருக்கும் தெரிந்த கதை என்று நினைத்துத்தான் சொன்னான். அவன்மேல் ஒரு பிழையும் இல்லை.

டெக்லன் சிரிக்கவில்லை. "பாலா என்ன சொன்னான் என்றாய்?"

"ஓம், ஓம் என்றார்."

"இரண்டு தடவையா?"

"இரண்டு தடவைதான். சத்தமாக."

டெக்லன் நோராவின் பக்கம் திரும்பினான். அவன் முகம் பையன் முகமாக மாறிவிட்டது, வெயர்ஹவுஸில் துடைப்பக் கட்டையோடு நின்ற முகம். "நோரா, எனக்குச் சரியாகத்தான் கேட்டிருக்கிறது. இரண்டு தடவை கேட்டதாக நான் உனக்குச் சொன்னேனே. சரியாகத்தான் கேட்டிருக்கிறது!" எழும்பி வந்து பாலேந்திராவின் தோளைச் சுற்றிக் கையைப் போட்டுக் குலுக்கினான். கண்ணில் தண்ணீர் நின்றது. அவன் திட்டியிருந்தால், கையில் இருந்த தட்டைத் தட்டி விழுத்தியிருந்தால், பாலேந்திரா தாங்கிக்கொண்டிருப்பார். அவன் சந்தோஷப்பட்டான். அதுதான் தாங்க முடியவில்லை.

"அவர்கள் என்னை எடுத்திருந்தார்கள் பாலா, தெரியுமா?" என்றான், கை தோளில் கிடந்தபடியே. "கென்யாவுக்கு. நான்தான் வேண்டாம் என்றேன். என் தலைக்குள் இல்லாத சத்தம் கேட்கிறது, இன்னொருத்தன் ஆட்டத்தை நான் கெடுக்க மாட்டேன் என்றேன். திங்கட்கிழமை காலை வரை யோசிக்கச் சொன்னார்கள். அதற்கு முதல் நாள் உன் வீட்டுக்கு வந்தேன். உன்னிடம் இன்னொரு தடவை கேட்டுவிட்டு..."

அங்கே நின்றுவிட்டான். ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்ப்பது அவன் முகத்தில் தெரிந்தது. இடியப்பம், வயலின், குப்பைத் தொட்டி.

"அன்றைக்கு நான் எதற்கு வந்தேன் என்று உனக்குத் தெரியுமா?"

குகதாசன் இவரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான். தப்புவதற்குப் பாலேந்திராவிடம் எத்தனையோ வழி இருந்தது. பலகாரத் தட்டு கையில் இருந்தது, மேடையில் இருந்து அவரைக் கூப்பிட்டுக்கொண்டும் இருந்தார்கள்.

"தெரியும்" என்றார்.

தோளில் கிடந்த கை இறங்கியது. டெக்லன் நோராவின் கோட்டை எடுத்துப் பிடித்துக் கொடுத்தான், குழந்தையைத் தூக்கினான். வாசலில் பலகாரப் பையோடு நின்ற சிவகௌரியிடம் வழக்கம்போல் நன்றி சொல்லிவிட்டு, பையை வாங்காமல் போனான்.

சிவகௌரி பையோடு உள்ளே வந்தாள். "என்னப்பா இது? டெக்லன் ஆக்கள் சாப்பிடாமல் போகினம். ஆர் என்ன சொன்னது?"

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை" என்றார் பாலேந்திரா. பிறகு கதிரையில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அவன் கென்யாவுக்குப் போயிருப்பான் கௌரி. நான் அண்டைக்கு அவனைக் கேக்க விட்டிருந்தால் போயிருப்பான்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேடையில் வீடியோக்காரன் தகப்பனைக் கெதியாக வரச்சொல்லிக் கூப்பிட்டான்.